ஷாப்தான் மாமாவுடன் கார்னிவலுக்கு

உலகத்தில் இதுவரை நடக்காத விபத்துகள் அத்தனையையும் நேரில் பார்த்த ஒரே மனிதர் கல்கத்தா ‘ஷாப்தான்’ மாமாதான். நடந்த விபத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம், கண் இருந்தால் போதும். நடக்காததைப் பார்க்கத் தனித் திறமை வேண்டும். வாழைப்பழத் தோலைப் பார்த்தால் மாமாவுக்கு அதில் வழுக்கி விழப்போகிற ஆளும் சேர்ந்தே தெரிவார். குழந்தை கையில் பலூனைப் பார்த்தால் போதும். பலூன் வெடிக்கும், சத்தத்தில் மாடு மிரளும், மாடு பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடும், பஸ் பாலத்திலிருந்து... இவ்வளவையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் நாமே போய்க் குழந்தையிடமிருந்து பலூனைப் பிடுங்கியிருப்போம்.

‘ஷாப்தான்’ அவருடைய பெயரல்ல. வங்காளத்தில் அதற்கு ‘ஜாக்கிரதை’ என்று அர்த்தம். வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுவது அந்த வார்த்தைதான் என்பதால் அவர் குடியிருந்த பெஹாலா பகுதியில் தெருவே அவருக்கு அப்படிப் பெயர் வைத்துவிட்டது. வங்காளிகளுக்கு ஷாப்தான் காகு, தமிழர்களுக்கு ஷாப்தான் மாமா. நம்முடைய ‘சாவதான’த்துக்கு அது உடன்பிறப்புதான். ஆனால் நாம் சாவதானமாக வா என்றால் அவசரப்படாமல் வா என்று பொருள். அங்கே அதே வார்த்தை காதில் விழுந்தால் துள்ளி விலக வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் வந்த வாரத்திலேயே ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் இடிபட்டேன். ரிக்‌ஷாக்காரர் “ஷாப்தான், ஷாப்தான்” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தார். நானும் சாவதானமாக நின்றேன்.

நான் மலேசியாவில் ஈப்போக்காரி. படிப்பு முடிந்து, வேலை கிடைக்கும்வரை வீட்டில் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல், தொண்டு செய்கிறேன் பேர்வழி என்று கல்கத்தாவுக்கு விமானம் ஏறினேன். பெஹாலாவில் நடக்க முடியாத பிள்ளைகளுக்கான ஒரு பகல்நேரப் பள்ளி. அங்கே அரை வருடம் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க வேண்டும், சோறு ஊட்ட வேண்டும், வீல்சேர் தள்ள வேண்டும். அம்மாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. “அந்தக் கூட்டத்துல காணாமப் போனீன்னா நான் எங்க வந்து தேடுவேன்?” என்று அழுதார். எனக்கும் உள்ளூர அதே பயம்தான். பயத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டுதான் போனேன்.

விமான நிலையத்தில் என்னை அழைத்துப் போக வந்தவர் ஷாப்தான் மாமா. குள்ளமான உருவம். தோளில் ஒரு பை, கழுத்தில் ஒரு விசில், அக்டோபர் வெயிலில் தலையில் மங்கி கேப். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“துப்பட்டாவ முடிச்சுப் போட்டுக்கோம்மா. ரிக்‌ஷா சக்கரத்துல மாட்டிக்கும்.”

நான் போட்டிருந்தது சிலுவாரும் (எங்கள் ஊரில் பேன்ட்டுக்கு அதுதான் பெயர்) டீ-சட்டையும். “நான் துப்பட்டாவே போடல மாமா.”

“இப்ப போடல. நாளைக்கு ஆசைப்பட்டு வாங்குவியே?”

டாக்ஸியில் வரும்போதே பாடத்தை ஆரம்பித்துவிட்டார். “இந்த ஊர்ல ரெண்டே ரெண்டு வார்த்தை தெரிஞ்சா போதும், மலேசியா. ஷாப்தான்னா ஜாக்கிரதை. பாலாவ்னா ஓடு, தப்பிச்சுக்கோ. பாலாவ்னு எவனாவது கத்துனா எதுக்கு, ஏன்னு நின்னு கேக்கப்படாது. ஓடிடணும். கேட்டவன் எவனும் உசிரோட இல்ல.”

“சாப்பாடு, தண்ணியெல்லாம் எப்படிக் கேக்கறது மாமா?”

“அது உசிரு இருந்தா கேட்டுக்கலாம்.”

அன்றிலிருந்து நான் ‘மலேசியா’ ஆனேன். பசியாறினேனா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பசியாறும்போது புரையேறாமல் இருந்ததா என்றுதான் கேட்பார்.

அவர் இப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. ரயில்வேயில் அவருக்கு வேலை, விபத்து விசாரணை அறிக்கைகளை டைப் அடிப்பது. வாலிப வயதில் திருச்சியிலிருந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், ஓய்வு பெறும்வரை வேறு எதையுமே டைப் அடித்ததில்லை. கல்யாணப் பத்திரிகை வாசகத்தை டைப் அடித்துக் கொடுக்கச் சொன்னால்கூட ‘மேற்படி சம்பவம்’ என்றுதான் விரல் ஆரம்பிக்குமாம். உலகத்திலுள்ள ஒவ்வொரு பொருளும் மனிதனை எப்படிக் கொல்லும் என்று அவருக்கு மூன்று பிரதிகளில் தெரியும்.

தெருவில் அவர் நடப்பதே ஒரு காட்சி. ஓரமாக நடந்தால் தேங்காய் தலையில் விழும் என்று நடுவே வருவார். நடுவே வந்ததும் பஸ் ஞாபகம் வந்து ஓரத்துக்கு ஓடுவார். இப்படியே பாம்பு மாதிரி வளைந்து வளைந்து அவர் வருவதைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். பாவம், அந்த மனிதர் மிளகு ரசத்தைத் தவிர வேறு காரமான எதையும் தொட்டதில்லை. மீனைக் கண்டால் முள், மண் குவளையில் டீயைக் கண்டால் உதட்டைக் கிழிக்கும் சில்லு. வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார மாட்டார். விருந்தாளிகளையும் உட்கார விடமாட்டார். அவர் வீட்டுக் கூடத்தில் எல்லா நாற்காலியும் சுவரோடு சுவராக, பல் டாக்டர் வீட்டில் போட்டிருப்பதுபோல இருக்கும்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பயம் ஒட்டிக்கொள்ளும் வியாதி. சீக்கிரமே நானும் கேஸை மூடினேனா என்று எழுந்து எழுந்து பார்க்க ஆரம்பித்தேன். மெட்ரோவில் நகரும் படிக்கட்டைக் கண்டால் கால் கூசியது. தென்னை மரத்தை அண்ணாந்து பார்க்காமல் தாண்டியதில்லை. ஈப்போவிலிருந்து போனில் அம்மாவுக்கு மட்டும் பரம சந்தோஷம். “அந்த மாமா ரொம்ப நல்ல மனுஷன். அவரு சொல்றபடி கேளு” என்று, பார்க்காத மனிதருக்கு நற்சான்று கொடுத்துவிட்டார்.

பள்ளியில் அவருக்குச் சம்பளமில்லாத உத்தியோகம், பாதுகாப்புப் பொறுப்பாளர். பள்ளியை நடத்திய பெரிய தீதி, அதாவது பெரியக்கா, வங்காளி அம்மாள், கண்டிப்பானவர். மாமா சரி என்று சொல்லாமல் ஊர் சுற்ற ஒரு வீல்சேர்கூட வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். அப்படி உத்தரவு போட்டதிலிருந்து எந்த வீல்சேரும் வாசலைத் தாண்டியதில்லை.

அங்கே அலுவலக வேலைகளைப் பார்த்துக்கொண்டது மீனு. மீனாட்சி என்கிற மீனு, வயது முப்பதை ஒட்டி இருக்கும். மாமாவோடு வேலை பார்த்த தமிழரின் மகள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் பெஹாலா. தசைகள் பலமிழக்கும் நோய் வந்து, கல்லூரி நாட்களிலிருந்து வீல்சேரில் இருந்தாள். கைகள் மெதுவாகத்தான் அசையும். வாய் அதற்கும் சேர்த்து வேலை செய்யும். அவளுடைய தமிழில் பாதி வங்காளம். எரிச்சல் வந்தால் “தூர்!” என்பாள், எரிச்சல் அடிக்கடி வரும்.

நான் போய்ச் சேர்ந்தது பூஜைக்குச் சற்று முன்னால். ஊரே மூங்கிலும் துணியுமாகப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தது. துர்கா பூஜை முடிந்ததும் நல்ல நல்ல சிலைகளை லாரிகளில் ஏற்றி, நடனம், மேளம், விளக்கு என்று நகரின் நடுவே மைதானத்தை ஒட்டிய பெரிய சாலையில் ஊர்வலம் விடுவார்கள். அதுதான் கார்னிவல். அது முடிந்த பிறகுதான் கங்கையில் அம்மனைக் கரைப்பார்கள். கல்கத்தாவில் பிறந்த மீனு அதை டிவியில் மட்டுமே பார்த்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும் கேட்டாள், ஒவ்வொரு வருஷமும் மாமா மறுத்தார். இந்த வருஷம் அவளுடைய அப்பா வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். அடுத்த மாதம் குடும்பம் மொத்தமாகக் கோயம்புத்தூருக்குப் போகிறது, திரும்பி வருகிற உத்தேசமில்லை.

“இதுதான் மாமா லாஸ்ட் பூஜோ” என்றாள் மீனு. “நான் இந்த ஊர்லதான் பொறந்தேன். துக்காவ, நம்ம துர்க்கம்மாவ, ஒரு தடவ நேர்ல வழியனுப்பணும். மலேசியா தள்ளுவா. நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்.”

மாமா நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொண்டார். “கூட்டம் எப்படி வரும்னு தெரியுமா உனக்கு? முன்னாடி நிக்கறவன் நின்னுடுவான். பின்னாடி வர்றவனுக்கு அது தெரியாது. நடுவுல இருக்கறவனுக்கு மூச்சு இருக்காது. அதுல ஒரு வீல்சேர் சாஞ்சுதுன்னா...”

“கிச்சு ஹொபே நா, மாமா.” ஒன்றும் ஆகாது என்று அர்த்தம்.

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. “அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதே மீனு! எல்லா ரிப்போர்ட்லயும் செத்தவங்க கடைசியா சொன்னது அதுதான்.”

வழக்கம்போல மீனு “தூர்!” என்பாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. “சரி மாமா, விடுங்க. டிவில பாத்துக்கறேன். கோயம்புத்தூர்ல அது வருமோ என்னமோ” என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா எழுந்து போனார். போகும்போது நிலைப்படியில் இடித்துக்கொண்டார். ஜாக்கிரதை மாமா எதிலாவது இடித்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் ஒரு பெரிய கயிற்றுச் சுருளோடு வந்து நின்றார்.

“ஒத்திகை பார்க்கணும்” என்றார். “ஒத்திகையில எவளாவது செத்தீங்கன்னா போகப்படாது.”

பள்ளி நடைபாதையில் ஒத்திகை நடந்தது. வீல்சேரில் மீனு, தள்ள நான், பின்னால் மாமா. மூன்று பேரையும் கயிறு இணைத்தது. வீல்சேர் கைப்பிடியில் ஒரு முடிச்சு, என் இடுப்பில் ஒரு முடிச்சு, அவர் இடுப்பில் ஒரு முடிச்சு. “இது ரயில்வே முடிச்சு. யானை இழுத்தாலும் அவுராது” என்று பெருமையாகச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் கூட்டமாக நடிக்க வேண்டும். அவர்கள் வீல்சேர்களை வைத்து எங்களை மோதித் தள்ளிக் கொண்டாடினார்கள். விசில் ஒரு தடவை ஊதினால் நிற்க வேண்டும், இரண்டு தடவை ஊதினால் திரும்ப வேண்டும், விடாமல் ஊதினால் கடவுளைக் கும்பிட வேண்டும். பெரிய தீதி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

கார்னிவல் மாலையில்தான். நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டோம். மாமாவின் பையில் டார்ச், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பிளாஸ்திரி, குடை, பிஸ்கெட், மூன்று பேருக்கும் மாற்று உடை. என் சட்டை முதுகில் அவருடைய போன் நம்பரைத் துணியில் எழுதித் தைத்தே விட்டிருந்தார். நான் காணாமல் போனால் எடுப்பவர்கள் திருப்பிக் கொடுப்பதற்காம்.

மஞ்சள் டாக்ஸிக்காரரிடம் நேர்முகத் தேர்வு நடந்தது. தூங்கினாயா, கண்ணாடி போடுவாயா, வீட்டில் ஏதும் சண்டையா என்று மாமா ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்வியில் டாக்ஸிக்காரர் தடுமாறினார். அடுத்த டாக்ஸியைக் கூப்பிட்டார் மாமா. கடைசியில் ஏறிய வண்டியும், ஊர்வலத்துக்காகச் சாலைகளை அடைத்திருந்ததால், வெகு தூரத்திலேயே எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கேயே கயிற்றைக் கட்டிக்கொண்டோம்.

நான் பத்துமலைத் தைப்பூசத்தில் வளர்ந்தவள். கூட்டம் எனக்குப் புதிதல்ல என்று நினைத்திருந்தேன். ஆனால் பத்துமலையில் எனக்கு வழி தெரியும், அம்மாவின் கை இருக்கும், தொலைந்தால் தமிழில் அழலாம். இங்கே நான்கு பக்கமும் முதுகுகள். யாரோ ஊதிய ஊதல், யாரோ அடித்த டாக் மேளம், அது நெஞ்சுக்குள் புகுந்து அடித்தது. ஒவ்வொரு தடவையும் கூட்டம் அசைந்தபோது வீல்சேர் தானாக ஒரு பக்கம் போனது. என் உள்ளங்கை வியர்த்துக் கைப்பிடி வழுக்கியது. மாமா சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முன்னாடி நிற்கிறவன் நின்றுவிடுவான், பின்னாடி வருகிறவனுக்குத் தெரியாது. நாங்கள் சரியாக நடுவில் இருந்தோம்.

“மலேசியா, எனக்கு ஒண்ணும் தெரியலடி” என்றாள் மீனு. உட்கார்ந்திருந்த அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பெல்ட்டுகளும் கைப்பைகளும்தான். எங்களுக்கு முன்னால் மனிதர்கள் சுவர் வைத்தாற்போல நின்றார்கள். அந்தப் பக்கம் வெளிச்சம் ஆரம்பித்துவிட்டது. ஊர்வலம் கிளம்பிவிட்டது. கடைசிக் கார்னிவலையும் இவள் பெல்ட்டுகளைப் பார்த்தே முடிக்கப் போகிறாளே என்று எனக்கு அழுகை வந்தது.

“திரும்பிடலாமா லா மாமா? எனக்குப் பயமா இருக்கு” என்றேன், பயத்தில் எங்கள் ஊர் ‘லா’வும் சேர்ந்து வந்தது.

மாமா எதையோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். காதின் மேலிருந்த மங்கி கேப்பைத் தூக்கிவிட்டார். தூரத்தில், ஒரு லாரியின் மேலிருந்து, ஒலிபெருக்கியில் ஒருவர் அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தார். மேளத்தின் இடையிடையே இரண்டு வார்த்தைகள் மட்டும் வந்து விழுந்தன. “எதிகே... லாவ்! எதிகே... லாவ்!”

எதிகே என்றால் இந்தப் பக்கம்.

மாமாவின் கண்கள் விரிந்தன. “பாலாவ்ங்கறான். இந்தப் பக்கமா தப்பிச்சு ஓடுங்கங்கறான்!”

சொல்லி வாய் மூடவில்லை, அந்தப் பக்கம் ஜனங்கள் நிஜமாகவே ஓட ஆரம்பித்தார்கள். பெண்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தொப்பைக்காரர் ஒருவர் மனைவியை விட்டுவிட்டு ஓடினார். மாமா விசிலை வாயில் வைத்து விடாமல் ஊதினார். ஊதுவதற்கு நடுவே “பாலாவ்! பாலாவ்!” என்று அலறினார். எங்களைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மங்கி கேப் போட்ட ஒருவர் விசில் ஊதி ஓடச் சொல்கிறார், முன்னால் ஜனங்கள் ஓடுகிறார்கள். இதற்கு மேல் யார் நிற்பார்கள்? என்ன, ஏது என்று கேட்காமல் ஓடினார்கள்.

நானும் ஓடினேன். ஓர் எட்டுத்தான். கயிறு இடுப்பைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளியது. யானைக்கே அவுராத முடிச்சு எனக்கா அவிழும்? நகத்தால் பிய்த்தேன், நகம்தான் பிய்ந்தது. மாமா பாய்ந்து வந்து முடிச்சைப் பல்லால் கடித்தார்.

“விட்டுட்டு ஓடும்மா மலேசியா. ஓடிடு. உங்கம்மாவுக்கு நான் என்னம்மா பதில் சொல்லுவேன்...”

“நீங்க? மீனு?”

“இவள விட்டுட்டு நான் எங்க போறது?” என்றார், நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதைப் போல.

முடிச்சு அவிழவில்லை. மாமா அதை விட்டுவிட்டு, வீல்சேரின் பிரேக்கை அழுத்திப் போட்டார். என்னைப் பிடித்து இழுத்து மீனுவின் காலடியில் உட்கார வைத்தார். அப்புறம் எங்கள் இரண்டு பேர் மேலும் கவிழ்ந்து, கைப்பிடிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவருடைய இதயம் டாக் மேளத்தைவிட வேகமாக அடித்தது என் தலைக்கு மேல் கேட்டது. நானும் கண்ணை மூடினேன். அம்மா, அம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. யாரும் எங்களை மிதிக்கவில்லை. மூக்கில் ஏலக்காய், நெய் வாசனை அடித்தது.

கண்ணைத் திறந்தேன். ஒரு வங்காளி அம்மாள் ஆளுக்கொரு இலைத் தொன்னையை நீட்டிக்கொண்டு நின்றார். தொன்னையில் முந்திரி, திராட்சையோடு மஞ்சள் சாதம் ஆவி பறந்தது. லாரியில் ஏதோ ஒரு கிளப்பார் பூஜைப் பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“பாலாவ் நொய் காகு” என்றார் அம்மாள் பரிவாக. “போலாவ்!”

போலாவ் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம புலாவ். ஓடு இல்லை, சாதம். ‘இந்தப் பக்கம் புலாவ்’ என்றுதான் அந்த மனிதர் கத்தியிருக்கிறார். ஓடியவர்களெல்லாம் உயிரைக் காப்பாற்ற ஓடவில்லை, தீர்ந்துபோவதற்குள் வாங்க ஓடியிருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்காகவே காதைத் தீட்டி வைத்திருந்த மனிதருக்கு, அது வந்தபோது முதலெழுத்து மட்டும் மாறி வந்திருக்கிறது.

முதலில் சிரித்தது மீனு. அவளுக்குச் சிரிப்பதற்குக்கூட மூச்சு அதிகம் கிடையாது. உடம்பு குலுங்க, சத்தமே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். “மாமா... புலாவுக்காக... உசிரக் குடுக்கப் பாத்தீங்களே மாமா...” எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாமா தரையில் உட்கார்ந்து, தொன்னையை வாங்கி, சாதத்தை விரலால் கிளறிப் பார்த்தார்.

“முள்ளு இருக்கான்னு பாருங்க ரெண்டு பேரும்” என்றார்.

அப்போதுதான் மீனு, “அரே!” என்று கத்தினாள். “மலேசியா, முன்னாடி பாரு!”

பார்த்தேன். எங்களுக்கு முன்னால் யாருமே இல்லை. பாதிப் பேர் புலாவுக்குப் போயிருந்தார்கள், மீதிப் பேர் மாமாவுக்குப் பயந்து போயிருந்தார்கள். கம்பித் தடுப்புவரைக்கும் தரை காலியாகக் கிடந்தது, நடுவில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு மட்டும். நான் பிரேக்கை எடுத்துவிட்டுத் தள்ளினேன் பாருங்கள் ஒரு தள்ளு! கயிற்றில் கட்டியிருந்த மாமாவும் தொன்னையும் பின்னால் இழுபட்டு வந்தார்கள். தடுப்புக் கம்பியில் மீனுவின் கால் போய் முட்டியது. அதே நேரத்தில் முதல் அம்மன் சாலை முனை திரும்பி வந்தாள்.

அதை எப்படிச் சொல்வது! அந்தப் பெரிய முகம், நெற்றியை நிறைக்கும் கண், பத்துக் கை, காலடியில் சிங்கம், எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் மெதுவாக நம்மை நோக்கி வருகிறது. முன்னால் சிவப்புக் கரை வெள்ளைப் புடவையில் பெண்கள் தூபச் சட்டியை ஏந்தி ஆடுகிறார்கள். குலவைச் சத்தம் காதைப் பிளக்கிறது. மீனு கத்தவில்லை, கையசைக்கவில்லை. வாயைக்கூட மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அம்மன் கடந்தபோதும் உதடு மட்டும் அசைந்தது. அடுத்த வருஷம் மறுபடி வா என்று வங்காளிகள் சொல்லி அனுப்புவார்கள். அதைத்தான் சொன்னாள். அடுத்த வருஷம் அவள் இங்கே இருக்க மாட்டாள் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

போனவர்கள் தொன்னையோடு திரும்பி வந்தார்கள். எங்கள் முதுகுக்குப் பின்னால் கூட்டம் மறுபடி கெட்டியானது. எனக்குப் பழைய பயம் எட்டிப் பார்த்தது. மாமாவைத் தேடித் திரும்பினேன்.

அவர் ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கூட்டத்தைப் பார்த்தபடி, கால்களை அகட்டி, ஒரு கையைப் பின்னால் வளைத்து வீல்சேர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நெருங்கி வந்தவர்களை “ஷாப்தான், ஷாப்தான்” என்று விலக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. பயத்தில் மேலுதடு வியர்த்திருந்தது.

“இப்ப என்னம்மா போறது?” என்று திரும்பாமலே கேட்டார்.

“பெரிய துக்கா மாமா. வெள்ள சிங்கம்” என்றாள் மீனு.

“லாரில நல்லா இழுத்துக் கட்டியிருக்காங்களா?”

“கட்டியிருக்காங்க மாமா. நீங்களே ஒரு தடவ திரும்பிப் பாருங்களேன்.”

“நான் திரும்பினா இந்தப் பக்கத்த யாரு பாக்கறது?”

சாதாரணமாகத்தான் சொன்னார். எத்தனையோ வருஷமாக இந்த ஊரில் இருந்தும் அவர் இதுவரை ஒரு ஊர்வலத்தையும் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கே போனாலும் மனிதர் எதிர்ப்பக்கம் திரும்பித்தான் நின்றிருப்பார். தூரத்தில் கடைசி லாரி வந்துகொண்டிருந்தது. மீனு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

நான் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டி, அவரைப் போலவே காலை அகட்டி, கையைப் பின்னால் கொடுத்து வீல்சேரைப் பிடித்தேன்.

“நான் பாத்துக்கறேன் மாமா. நீங்க திரும்புங்க.”

“உனக்குப் பயமா இருக்கும்மா.”

“இருக்கு மாமா. அதான் நல்லாப் பாப்பேன். திரும்புங்க.”

என் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, நாற்காலியில் ஏறி நிற்பவரைப் போல, திரும்பினார். மேளம் நெருங்கி வந்தது. என் முதுகில் வெளிச்சம் விழுந்தது.

“அடேயப்பா” என்று மாமாவின் குரல் கேட்டது. “அடேயப்பா மீனு, எவ்ளோ பெரிய கண்ணு!” அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

கல்கத்தா கார்னிவலைப் பற்றி யார் கேட்டாலும் வாய் ஓயாமல் சொல்லுவேன். அந்தக் கடைசி அம்மனைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. அவள் போய் முடிகிறவரை நான் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.